செய்தியில் இருப்பவர் எங்கே பதில் சொல்வது? சப்ரகமுவத் தோட்டங்களும் பத்திரிகை மீதான நம்பிக்கையும்

2016 ஒக்டோபரில் பெருந்தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டபோது, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 730 ரூபாவாக உயர்ந்தது என்று மும்மொழிகளிலும் செய்தி வந்தது. அந்தத் தொகையில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா மட்டுமே. மீதியில் வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப் பங்கு 30. வேலை கொடுக்கப்பட்ட நாட்களில் முக்கால் பங்குக்குச் சமுகமளிக்காதவருக்கு அந்த 60 இல்லை. குறித்த கிலோவுக்குக் கொழுந்து எடுக்காதவருக்கு அந்த 140 இல்லை. மழை பிடித்துக்கொண்ட வாரத்திலும் கொழுந்து குறைந்த மாதத்திலும் பலர் வீட்டுக்குக் கொண்டுபோன தொகை வேறு. ஒப்பந்தத் தாளில் அந்தக் கூட்டுத்தொகை இருக்கத்தான் செய்தது என்பதால் செய்தியைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எவருடைய சம்பளத்தைப் பற்றி அது பேசியதோ, அவர்களில் பலருக்கு அது உண்மையாக இருக்கவில்லை. இறக்குவானையிலோ தெரணியகலையிலோ கொழுந்தெடுக்கும் ஒரு பெண் தன் சம்பளச் சீட்டைக் காட்டி ஒரு நிமிடத்தில் திருத்தியிருக்கக்கூடிய செய்தி அது. அந்தத் திருத்தம் செய்தியின் பக்கத்தில் வந்து நிற்பதற்கு வழி வைக்கப்படவில்லை. பத்திரிகை மீதான நம்பிக்கை பற்றிய பேச்சை அந்த இல்லாத வழியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் வாதம்.

பதிலளிக்கும் உரிமை இலங்கைக்குப் புதியதல்ல. பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் ஒழுக்கக் கோவை, பிழையான தகவல் வெளியானால் பாதிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. மன்னிப்போ வருத்தமோ தெரிவிப்பதைத் தாண்டி அந்தப் பதிலுக்குப் பத்திரிகை மறுமொழி சொன்னால், பாதிக்கப்பட்டவருக்கு மீண்டும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதி, பல நாடுகளின் கோவைகளைவிடத் தெளிவானது. ஆனால் அது எழுதப்பட்ட விதத்தில் ஓர் ஊகம் ஒளிந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் செய்தியைப் படித்திருப்பார், ஆசிரியருக்கு எழுதத் தெரிந்தவராக இருப்பார், தன் பெயரையும் முகவரியையும் அச்சமின்றிக் கொடுப்பார் என்ற ஊகம். அமைச்சருக்கும் கம்பனிக்கும் அது பொருந்தும். கேகாலை பிளான்டேஷன்ஸ், பலாங்கொடை பிளான்டேஷன்ஸ் போன்றவை கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனங்கள். அவற்றுக்கு ஆண்டறிக்கை உண்டு, சந்தைக்கான அறிவித்தல் உண்டு, அவற்றின் சார்பில் பேசத் தோட்டத்துரைமார் சங்கம் உண்டு. அவை பதில் சொல்லவேண்டும் என்றால் செய்தியாளர் மாநாடு கூட்டினால் போதும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே அந்த விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தும், ஏற்கெனவே குரல் உள்ளவர்களின் கையில்தான் பயனுக்கு வருகிறது.

நம்பிக்கை என்பதை அளவெடுத்துக் கூட்டவேண்டிய ஒரு பொருளாகப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இத்தனை சதவீதம் பேர் ஊடகத்தை நம்புகிறார்கள், இத்தனை பேர் நம்பவில்லை என்று கணக்குச் சொல்கிறார்கள். மெய்யியலாளர் ஒனோரா ஓ'நீல் 2002இல் பிபிசியின் ரீத் உரைகளில் இந்த அணுகுமுறையையே கேள்விக்கு உட்படுத்தினார். நம்பத் தகாததை நம்பாமல் இருப்பதும் அறிவுதான். ஆகவே நாம் கேட்கவேண்டியது, நமக்குச் சொல்லப்படுவதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சப்ரகமுவத் தோட்டங்களுக்கு இதை வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. தோட்டத்து வாசகர் தம்மைப் பற்றிய செய்தியைச் சோதிப்பதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. சம்பளம், லயத்தின் கூரை, மண்சரிவில் போன உயிர் எல்லாம் அவர் கண்முன் இருப்பவை. அவர் ஏற்கெனவே சோதித்துவிட்டார். தமக்குத் தெரிந்த விஷயத்தில் பத்திரிகை பிழைவிடுவதைப் பார்த்தவர், தமக்குத் தெரியாத விஷயத்திலும் அதை நம்பத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று சொல்வது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

தோட்ட மக்கள் செய்திக்குள் வரும் வழிகள் சில. சம்பளப் பேச்சுவார்த்தை ஒன்று, தேர்தல் ஒன்று, அனர்த்தம் ஒன்று. இவற்றில் அனர்த்தச் செய்தியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கானோர் என்று முதல் நாளில் உலகமெங்கும் செய்தி ஓடியது. பிறகு தொகை படிப்படியாக இறங்கி, முடிவில் நாற்பதுக்கும் குறைவாக நின்றது. முதலில் வந்த எண் அதிகாரிகள் சொன்னது. எந்த லயத்தில் எந்தக் காம்பிராவில் யார் இருந்தார், யார் அன்று காலை வேலைக்குப் போயிருந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லக்கூடியவர்கள் உயிர்தப்பிய அயலவர்கள்தான். அவர்கள் படங்களில் அழுதுகொண்டிருந்தார்கள். கணக்கைச் சொல்லவேண்டியவர்களாக யாரும் அவர்களைப் பார்க்கவில்லை. 2016 மே 17இல் சப்ரகமுவவிலேயே அது வேறு வடிவத்தில் நடந்தது. கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதே நாளில் அதே மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் பேரழிவு நினைவில் அரநாயக்க என்ற பெயரோடு தங்கிவிட்டது. பெரிய சாவு சிறிய சாவை மறைப்பது செய்தியின் இயல்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் பிழையான செய்திக்கு மட்டும் பதில் உரிமை கொடுத்தால், விடுபட்ட செய்திக்கு என்ன வழி என்ற கேள்வியைக் களுபஹன நம் முன் வைக்கிறது. தன்னைப் பற்றி எழுதாமல் விட்டதற்கு மறுப்புரை எழுத எந்தக் கோவையிலும் இடமில்லை.

சப்ரகமுவத் தோட்டங்களின் நிலை நுவரெலியாவின் நிலை அல்ல. நுவரெலியா மாவட்டத்தில் தமிழர் பெரும்பான்மை. அங்கே அமைச்சர்கள் உண்டு, சங்கத் தலைமையகங்கள் உண்டு, ஹட்டனில் செய்தியாளர்கள் உண்டு. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 19 லட்சம் மக்கள். இந்தியத் தமிழராகப் பதிவானவர்கள் இரண்டு மாவட்டங்களிலும் சேர்ந்து ஒரு லட்சம் அளவில். தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டங்கள், சிங்களக் கிராமங்களுக்கும் சிற்றுடைமைத் தேயிலைக் காணிகளுக்கும் நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. எட்டியாந்தோட்டையிலிருந்து பலாங்கொடை வரை பரந்த இந்த மக்களை ஒரே சமூகமாக இணைத்துக் காட்டும் நகரம் ஒன்றில்லை. மலையகம் என்று தலைப்பிட்டு வரும் எழுத்துகளிலும் பெரும்பாலும் இவர்கள் ஓரத்தில் வருகிறார்கள். கடிதப் போக்குவரத்து தோட்ட அலுவலகம் வழியாகவே நடந்துவந்தது. லயத்துக் கதவுக்குத் தனி முகவரி இல்லாததால், ஒருவருக்கு வரும் கடிதமும் அவர் அனுப்பும் முகவரியும் துரையின் அலுவலகத்தைத் தொட்டே போகவேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, உள்ளூராட்சி சபைகளே தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டத் தடை இருந்தது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுடைய பாட்டன்மாரின் பிரஜாவுரிமையைப் பறித்தது, அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. பதில் சொல்வதற்கு ஒருவருக்கு வேண்டியவை மேல்விலாசம், வாக்கு, தன் மொழியில் பேசும் அலுவலகம் ஆகியவை. இந்த மூன்றுமே இங்கே தாமதமாக, குறையாக வந்தவை.

இந்த மாகாணத்தில் பிழையான செய்தி உயிருக்கும் உலை வைத்திருக்கிறது. 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையின்போது யாழ்ப்பாணத்தில் நாக விகாரை தாக்கப்படுகிறது என்ற பொய்த் தகவல் பரவியதைச் சன்சோனி ஆணைக்குழு பதிவு செய்தது. அந்த வன்முறை தெற்கிலும் மலைநாட்டிலும் தோட்டங்களைத் தாக்கியது. பல குடும்பங்கள் வவுனியா பக்கம் போய்க் குடியேறின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் தோட்டங்கள் மீண்டும் எரிந்தன. யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்த்திராதவர்கள் யாழ்ப்பாணம் பற்றிய செய்திக்கு விலை கொடுத்தார்கள். அன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது தமிழ்ப் பத்திரிகையில் ஒரு மறுப்பு அன்று. அயல் கிராமத்துச் சிங்கள வாசகர் படிக்கும் இடத்தில், அவர் மொழியில், உடனே வரும் மறுப்பு. இந்த இடத்தை அழுத்திச் சொல்லவேண்டும். தோட்டத் தமிழரைப் பற்றிய செய்தி சிங்களத்தில் வந்து, அவர் பதில் தமிழில் வந்தால், செய்தியைப் படித்தவர் வேறு, பதிலைப் படித்தவர் வேறு. அப்படிப்பட்ட பதில் ஆறுதல் தரலாம், தீங்கைத் திருத்தாது.

பதில் கேட்காமல் விடுவதன் விலையைக் காட்ட, கேகாலைக்கு அடுத்த மாவட்டமான குருநாகலிலிருந்து ஒரு வழக்கைச் சொல்லவேண்டும். 2019 மே 23 அன்று, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதத்தில், சிங்கள நாளிதழ் திவயின முதற்பக்கத்தில் ஒரு செய்தி வெளியிட்டது. தவ்ஹீத் அமைப்பைச் சேர்ந்த ஒரு மருத்துவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்பது அதன் சாரம். பெயர் சொல்லப்படவில்லை, ஆனால் யாரென்று ஊகிக்க நேரமாகவில்லை. மறுநாளே வைத்தியர் ஷாபி கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஜூலை 25இல் பிணை கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்தே பணிக்குத் திரும்பும் வழி திறந்தது. இலங்கையில் ஒரு வைத்தியருக்குக் கல்வி உண்டு, மொழி உண்டு, சட்டத்தரணியை அமர்த்தும் வசதி உண்டு. அவ்வளவும் இருந்தவருக்கே செய்திக்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு இல்லாமற்போனதன் விலை இது என்றால், இவற்றில் எதுவும் இல்லாதவரின் நிலையை விளக்கவேண்டியதில்லை. அதற்கு ஒரு வருடத்துக்கு முன், 2018 மார்ச்சில் திகனையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தபோது, முகநூலில் சிங்களத்தில் பரவிய வெறுப்பைக் கண்டறிய அந்த நிறுவனத்தால் முடியவில்லை. 2020இல்தான் அது வருத்தம் தெரிவித்தது. வேகம் இணையத்தின் பக்கம் இருந்தது, பதில் எங்கும் இருக்கவில்லை.

இணையத்தில் பதிலைச் செய்தியோடு கட்டிவைக்கும் எண்ணம் பல இடங்களில் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. 2007 ஆகஸ்டில் கூகுள் நியூஸ் அமெரிக்காவில் ஒரு சோதனையைத் தொடங்கியது: செய்தியில் பெயர் வரும் ஆட்களும் நிறுவனங்களும் மின்னஞ்சல் அனுப்பினால், ஆளை உறுதிசெய்துகொண்டு அவர்கள் கருத்தை வெட்டாமல் செய்தியின் அருகே போடுவது. அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. அதன் அமைப்பைக் கவனித்தால் நம் பிரச்சினை புலப்படும். தன்னை நிரூபிக்க ஒருவருக்கு எளிதான வழி நிறுவன மின்னஞ்சல். ஆகவே அந்தக் கதவு பேராசிரியருக்கும் கம்பனிப் பேச்சாளருக்கும் அளவெடுத்துச் செய்த கதவாகவே இருந்தது. பிரான்ஸ் சட்டத்தின் வழியே போனது. 1881 ஜூலை 29இன் பத்திரிகைச் சட்டம் பதிலுரிமையைக் கொடுத்தது. 2004இல் அது இணையத்துக்கும் நீட்டப்பட்டு, பதில் கிடைத்து மூன்று நாளுக்குள் வெளியிடவேண்டும் என்றானது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1974இல் மயாமி ஹெரால்ட் எதிர் டோர்னிலோ வழக்கில், பதிலை வெளியிடும்படி பத்திரிகையைச் சட்டத்தால் கட்டாயப்படுத்துவது ஆசிரியரின் சுதந்திரத்தில் கைவைப்பது என்று சொல்லிப் புளோரிடாவின் சட்டத்தை ரத்துச் செய்தது. நமக்கு நெருக்கமான தீர்ப்பு இந்தியாவிலிருந்து வந்தது. ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை விமர்சித்தார் நுகர்வோர் இயக்கத்தவரான மனுபாய் ஷா. அவருக்கான மறுப்பைத் தன் இதழான யோகக்ஷேமாவில் வெளியிட்ட கூட்டுத்தாபனம், அவருடைய பதிலை வெளியிட மறுத்தது. அரசு நிறுவனம் பொதுப் பணத்தில் நடத்தும் இதழில் ஒரு பக்கத்தை மட்டும் போடுவது நியாயமன்று என்று 1992இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் பத்திரிகைக்கு அந்தத் தீர்ப்பைச் சட்டமாக நீட்ட முடியாது. ஆனால் அதிலுள்ள நியாய உணர்வுக்கு எல்லை போடத் தேவையில்லை.

அப்படியானால் இலங்கையில் சட்டம் போட்டுவிடலாமே என்று கேட்கலாம். நான் அதை ஆதரிக்கவில்லை. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைப் பேரவைச் சட்டத்தில் திருத்தத்தை வெளியிடும்படி கட்டளையிடும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதே சட்டம் அமைச்சரவை நடவடிக்கைகளைப் பற்றி எழுதுவதையும் தடைசெய்கிறது. ஒரு கையில் நியாயமும் மறு கையில் வாய்ப்பூட்டும் வைத்திருக்கும் சட்டம் அது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இன்னும் மோசமான பாதையில் போகிறது: பொய்யான கூற்று எது என்று சொல்லும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. தோட்டத்து இளைஞன் கைப்பேசியில் பதிவுசெய்து போடும் காணொளியே முதலில் அதன் பிடியில் விழக்கூடும். 2003இல் பத்திரிகைத் துறையினரே அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவின் பாதைதான் சரியானது. ஆனால் அது முறைப்பாடு வந்த பிறகு எழுந்திருக்கும் அமைப்பு. தொலைக்காட்சியும் வானொலியும் அதன் வட்டத்துக்கு வெளியே. முறைப்பாடு எழுதத் தெரிந்தவரைத் தாண்டி அது கீழே இறங்குவதில்லை.

ஆகவே நான் முன்வைப்பது இது: பதிலைப் பெறும் கடமை பத்திரிகையுடையதாக இருக்கவேண்டும், பதிலை அனுப்பும் சுமை தொழிலாளியுடையதாக இருக்கக்கூடாது. சம்பளச் செய்தி என்றால் கம்பனி, சங்கம், அமைச்சு மூன்றின் கூற்றோடு குறைந்தது ஒரு தோட்டத்தின் சம்பளச் சீட்டையாவது பார்த்திருக்கவேண்டும். பார்க்க முடியாமற்போனால் அதைச் செய்தியிலேயே சொல்லவேண்டும். இணையப் பதிப்பில் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் வாட்ஸ்அப் இலக்கம் ஒன்று இருக்கவேண்டும். எழுத்து வேண்டாம், குரல்பதிவு போதும். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு நிமிடத்தில் பேசக்கூடியதாக அது அமையவேண்டும். வந்த பதிலைச் சரிபார்த்தபின் அந்தச் செய்தியின் உடலோடு சேர்க்கவேண்டும். வேறொரு நாள், வேறொரு பக்கத்தில், வேறொரு தலைப்பில் போடுவது பதிலாகாது. தேடுபொறியில் அந்தச் செய்தி பத்தாண்டு கழித்துத் திறந்தாலும் பதில் கூடவே திறக்கவேண்டும். அச்சுத் தாளால் செய்ய முடியாத இந்த ஒன்றை இணையத்தால் செய்ய முடிகிறது. 2021இல் 1,000 ரூபாச் சம்பளம் வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டது, வேலை நாட்கள் குறைக்கப்பட்டன, கிலோ நிரப்பாதவர்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடப்பட்டது என்று முறைப்பாடுகள் எழுந்தன. அந்த முறைப்பாடுகள் 1,000 ரூபா என்ற அசல் செய்தியின் அடியில் தோட்டத்தின் பெயரோடு தொங்கியிருந்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர்கள் அவற்றைத் தாண்டிப் போயிருக்க முடியாது. 2024 மே முதலாம் திகதி 1,700 ரூபா அறிவிக்கப்பட்டு, ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, செப்டம்பரில் 1,350 ரூபாவில் வந்து நின்றபோதும் அதே கதைதான்: ஒவ்வொரு எண்ணும் தனித்தனிச் செய்தியாக வந்து போனது, கையில் கிடைத்தது என்ன என்பது எந்தச் செய்தியோடும் ஒட்டவில்லை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு வலுவானது. பதிலுக்கு இடம் திறந்தால் அதை நிரப்புவது யார்? கம்பனியின் பேச்சாளர்தான், அமைச்சின் ஊடகப் பிரிவுதான். புலனாய்வுச் செய்தி ஒவ்வொன்றின் அடியிலும் வழக்கறிஞர் எழுதிய நீண்ட மறுப்பு தொங்கும். தொழிலாளியின் பதில் அதன் கீழே அமிழ்ந்துபோகும். இந்த ஆபத்து மெய்யானது. அதற்கான விடை, பதிலை உண்மை பற்றிய விஷயத்துக்குள் கட்டுப்படுத்துவதிலும் அளவிலும் இருக்கிறது. எந்த வாக்கியம் பிழை, சரியானது எது, ஆதாரம் என்ன: இவ்வளவையும் இருநூறு சொற்களுக்குள் சொல்லவேண்டும். புகழ்ச்சியும் கண்டனமும் பதிலாகா. அசல் செய்தியின் ஒரு சொல்லும் மாறக்கூடாது. இந்த எல்லைக்குள் கம்பனி பேசட்டும். உண்மையில் அது பேசுவது நல்லது. பதிலளிக்க மறுத்துவிட்டார்கள் என்ற வழக்கமான வாக்கியத்துக்குப் பதிலாக ஆதாரத்தோடு ஒரு கூற்று நின்றால், வாசகர் இரண்டையும் எடைபோட்டுக்கொள்வார். சமம் என்ற பெயரில் எல்லோருக்கும் ஒரே அளவு பக்கம் கொடுப்பது மட்டும் நியாயமாகாது. தானாகப் பதில் சொல்ல முடியாதவரைத் தேடிப் போவதும் அந்த நியாயத்தில் அடங்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது, அதை எளிதில் கடக்க எனக்கு மனமில்லை. பேசினால் தொழிலாளிக்கு என்ன ஆகும்? வீடும் வேலையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் இடம் தோட்டம். தன் பெயரில் ஒரு பதில் கொடுத்தவர் மறுநாள் மலையில் எந்த நிரையில் நிறுத்தப்படுவார், அவர் மகனுக்குக் கையாள் வேலை கிடைக்குமா என்பதெல்லாம் அங்கே உண்மையான கேள்விகள். நகரத்து வாசகரின் பதிலுரிமைக்குப் பெயரும் முகவரியும் நம்பகத்தின் அடையாளம். தோட்டத்தில் அவையே தண்டனைக்கான வழி. ஆகவே ஆசிரிய பீடம் ஆளை அறிந்திருக்கவேண்டும், வாசகர் அறியவேண்டியதில்லை. தோட்டத்தின் பெயரையே மறைக்கவேண்டிய நேரமும் வரும். சிறு தோட்டத்தில் பிரிவின் பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். பேசாமல் இருக்கும் உரிமையையும் மதிக்கவேண்டும். அனர்த்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் ஒலிவாங்கியை நீட்டிக்கொண்டு பதிலுரிமை கொடுக்கிறோம் என்று யாரும் சொல்லக்கூடாது. இந்த இடத்தில் தொழிற்சங்கத் தலைவர் முன்வந்து, இவர்களுக்காக நான் பேசுகிறேன் என்பார். பல தலைவர்கள் நேர்மையாகவே பேசுவார்கள். ஆனால் 2016இன் 730 ரூபாவில் கையெழுத்திட்டவர்களும் சங்கங்கள்தான். தான் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தைப் பற்றிச் சங்கத்திடமே தொழிலாளியின் பதிலைக் கேட்பது, கேட்கவேண்டியவரை விட்டு வேறொருவரைக் கேட்பது. சங்கத்தின் கூற்று சங்கத்தின் கூற்றாகவே வரட்டும்.

பணம் எங்கே என்பது மூன்றாவது கேள்வி. தமிழ் நாளிதழ்களின் பிரதேச செய்தியாளர்கள் பலர் செய்திக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவில் வேலை செய்பவர்கள். பலாங்கொடையிலிருந்து ஒரு தோட்டத்துக்கு ஏறி இறங்கும் பஸ் செலவுக்கே அது போதாது. இந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் தோட்ட மக்களுக்கான தமிழ் இதழியல் பிறந்ததே இதைவிட மோசமான வசதியில். 1920களில் கோ. நடேசய்யர் தேசபக்தன் பத்திரிகையை நடத்தியபோது, தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே அத்துமீறலாகக் கருதப்பட்டது. அவர் புடைவை விற்பவராக வேடமிட்டு லயங்களுக்குள் போய்ச் செய்தி சேகரித்தார். துரைமார் சொல்வதை அப்படியே அச்சிட்ட பத்திரிகைகளுக்கு எதிரே, தொழிலாளியிடம் கேட்டு எழுதிய பத்திரிகை அது. தொழிலாளர் அதைத் தம் பத்திரிகையாகக் கொண்டதற்கும் அதுவே காரணம். இன்று தோட்டத்துக்குள் போக வேடம் வேண்டாம். லயத்தில் கைப்பேசி இருக்கிறது, அலைவரிசை பெரும்பாலும் எட்டுகிறது. 2023 ஆகஸ்டில் மாத்தளை எல்கடுவையில் ஒரு குடும்பத்தின் தற்காலிக வீட்டைத் தோட்ட அதிகாரி உடைத்த காட்சி நாடெங்கும் பரவியது கைப்பேசியால்தான். ஆனால் பரவுவது தற்செயலாக நிகழ்வது. உடைபட்ட வீடு காணொளியில் தெரியும். கொழுந்து நிறுக்கும்போது வெட்டப்பட்ட கிலோ தெரியாது. பரவாத உண்மைக்கு வழி வைப்பதுதான் பத்திரிகையின் வேலை.

இதைச் சோதித்துப் பார்க்க மிகப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது. லேக் ஹவுஸ் ஒரே கூரையின் கீழ் தினமினவைச் சிங்களத்திலும் தினகரனைத் தமிழிலும் வெளியிடுகிறது. தினமினவில் இரத்தினபுரித் தோட்டம் ஒன்றைப் பற்றி வந்த செய்திக்கு, அத்தோட்டத்துத் தமிழர் ஒருவர் தமிழில் குரல்பதிவாகக் கொடுக்கும் பதிலைச் சிங்களத்தில் பெயர்த்து அதே செய்தியின் அடியில் போட, அங்கே ஒரு மாடி ஏறி இறங்கினால் போதும். அந்த நிறுவனம் 1973 முதல் அரசின் கட்டுப்பாட்டில் இருப்பதால் அதைத் தேர்வது சரியா என்று கேட்கப்படும். பொதுப் பணத்தில் நிற்பது என்பதாலேயே யோகக்ஷேமா வழக்கின் நியாயம் அதற்கு முதலில் பொருந்துகிறது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டச் செய்திகளுக்கு மட்டும், ஓராண்டுக்கு, இந்த ஏற்பாட்டைச் செய்து பார்க்கலாம். ஆண்டு முடிவில் எத்தனை பதில்கள் லயங்களிலிருந்து வந்தன, எத்தனை கம்பனிகளிடமிருந்தும் அமைச்சுகளிடமிருந்தும் வந்தன, எத்தனை சிங்களப் பதிப்பில் இடம்பெற்றன, எத்தனை செய்திகள் அவற்றால் திருத்தப்பட்டன என்ற கணக்கை ஒளிக்காமல் வெளியிடவேண்டும். அமைச்சர் ஒருவரின் சம்பள அறிவிப்புக்கு எதிராகக் கஹவத்தையிலிருந்து ஒரு சம்பளச் சீட்டு வந்து நிற்கும் நாளில் அந்த நிறுவனம் அதைப் போடுகிறதா என்பதையும் அந்தக் கணக்கு காட்டும்.